சோலார் ஹீட்டரில் பச்சைத் தண்ணீர்தான் வருதா? டேங்கை மாற்றும் முன் இதையெல்லாம் தொட்டுப் பாருங்க!

மார்கழி மாதம், காலை ஐந்தரை மணி. கணியம்பாடியில் பெரியப்பா வீட்டு பாத்ரூமில் சிவப்புப் புள்ளி வைத்த குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன். ஒரு பக்கெட் நிறைந்தது. இரண்டாவது பக்கெட்டும் பாதி வந்தது. இன்னும் பச்சைத் தண்ணீர்தான்.

"மூணு நாளா இதே கதைதான்பா. வெயில் என்னமோ நல்லாத்தான் அடிக்குது. மெக்கானிக் வந்து பாத்துட்டு, உப்புத் தண்ணியில டேங்க் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார் பெரியம்மா. அவர் சொன்ன தொகை 28 ஆயிரம் ரூபாய். பெரியப்பா பணத்தை எடுத்துவைத்தே விட்டார்.

கடைசியில் கோளாறு டேங்கில் இல்லை. மாடியிலேயே இல்லை. அது எங்கே இருந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். வேலூர், ஆம்பூர் பக்கம் பல வீட்டு மொட்டை மாடிகளில் இந்த ஹீட்டர் இருக்கிறது. அதிகாலையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் இந்த மாதங்களில்தான் "ஹீட்டர் வேலை செய்யல" என்ற புகாரும் அதிகம். வெயில், குழாய், உப்பு, நிழல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உள்ளங்கை போதும்.

உள்ளே என்ன நடக்கிறது?

மாடியில் சாய்வாக அடுக்கியிருக்கும் கறுப்புக் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் நிற்கிறது. வெயிலில் சூடானதும் அதன் அடர்த்தி குறைந்து, மேலே இருக்கும் டேங்குக்கு ஏறுகிறது. டேங்கின் அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு இறங்குகிறது. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. பகல் முழுக்க இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். வெயிலில் சூடாக்கி, வெப்பம் போகாதபடி மூடிய டேங்கில் இரவு முழுக்க வைத்துக்கொள்ளும் இந்த அமைப்பை, வில்லியம் பெய்லி என்பவர் 1909-லேயே கலிபோர்னியாவில் விற்றார். 'பகலும் இரவும்' என்பதுதான் அந்த ஹீட்டரின் பெயர்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சுடுதண்ணீர் வெளியே போகும் குழாய் டேங்கின் மேல்பக்கத்தில் இருக்கும். சின்டெக்ஸ் டேங்கிலிருந்து பச்சைத் தண்ணீர் அடியில் நுழைந்து தள்ளினால்தான் மேலே இருக்கும் சுடுதண்ணீர் வெளியே வரும். சின்டெக்ஸ் காலியாக இருந்தால், ஹீட்டருக்குள் 150 லிட்டர் கொதித்துக்கொண்டிருந்தாலும் குழாயில் ஒரு சொட்டு வராது.

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 4 யூனிட் மின்சாரம் ஆகும். 2 கிலோவாட் கீசர் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். மாடியில் இருக்கும் அந்தப் பொருள் இதைத் தினமும் இலவசமாகச் செய்கிறது. அதனால்தான் அது நின்றுபோனால் பாக்கெட் உடனே உணர்கிறது.

மாலை நாலு மணிக்கு மாடிக்குப் போங்க

சோதனையைக் காலையில் செய்யாதீர்கள். வெயில் அடித்த ஒரு நாள், மாலை நாலு அல்லது ஐந்து மணிக்கு ஏறுங்கள். டேங்கில் கரண்ட் ஹீட்டரும் பொருத்தியிருந்தால், அதன் சுவிட்சை முதலில் அணைத்துவிடுங்கள். முந்தைய இரண்டு நாள் மேகமூட்டமாக இருந்தால் சோதனையே வேண்டாம். அது ஹீட்டரின் தப்பு இல்லை.

டேங்கிலிருந்து சுடுதண்ணீர் வெளியேறும் குழாயில் ஈரத்துணியைச் சுற்றித் தொடுங்கள். 70 டிகிரிக்கு மேலும் இருக்கலாம், வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். கீழே யாரையாவது குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். தண்ணீர் ஓடினால்தான் குழாய் சூடாகும்.

மேலே குழாய் சுடுகிறது, கீழே பச்சைத் தண்ணீர் வருகிறது என்றால் டேங்கும் கண்ணாடியும் நன்றாகவே இருக்கின்றன. நடுவில் போகும் பைப்பில்தான் பிரச்சினை. மாலையிலேயே வெதுவெதுப்புதான் என்றால், வெயில் உள்ளே போகவில்லை, அல்லது போன வெயில் தண்ணீரில் சேரவில்லை. மாலையில் கொதிக்கிறது, காலையில் ஆறிப்போகிறது என்றால் இரவில் ஏதோ ஒரு வழியாக வெப்பம் தப்பிக்கிறது. இந்த மூன்றில் உங்கள் வீட்டுக் கதை எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. வருகிற மெக்கானிக்கிடமும் அதைச் சொல்லலாம்.

கண்ணாடிக் குழாயைத் தொட்டுப் பார்ப்பதில் மட்டும் கணக்கு தலைகீழ். அது இரண்டு அடுக்குக் கண்ணாடி, நடுவில் காற்றே இல்லாத வெற்றிடம். ஃபிளாஸ்க் மாதிரி. நல்ல குழாய் வெயிலில் நிற்கும்போதும் வெளிப்பக்கம் பெரிதாகச் சுடாது. ஒரே ஒரு குழாய் மட்டும் கையைச் சுட்டால் அதில் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அதன் நுனியில் இருக்கும் வெள்ளி நிறப் பூச்சும் பால் மாதிரி வெளுத்திருக்கும். அந்த ஒரு குழாயை மாற்றினால் போதும், செட்டையே மாற்ற வேண்டியதில்லை.

'ஏர் புடிச்சிருக்கு' என்றால் என்ன?

சின்டெக்ஸ் ஒரு முறை காலியாகி மறுபடி நிரம்பினால், பைப்பில் காற்று மாட்டிக்கொள்ளும். சூடான தண்ணீரிலிருந்தும் காற்றுக் குமிழ்கள் பிரியும். மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்ட பைப்பை மேலே ஏற்றி மறுபடி கீழே இறக்கியிருந்தால், அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொண்டு தண்ணீரை விடாது. குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று சத்தம் வரும், நூல் போல ஒழுகும், பிறகு நின்றுவிடும்.

முதலில் செய்ய வேண்டியது, வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் சுடுதண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்து சில நிமிடம் விடுவது. நிறைய வீடுகளில் இதிலேயே சரியாகிவிடும். அடிக்கடி காற்று பிடித்தால், அந்த மேட்டில் ஒரு சின்ன காற்றுப்போக்கிக் குழாய் வைக்கச் சொல்லுங்கள். டேங்கின் தலையில் ஏற்கெனவே ஒன்று நிற்கும். குருவிக்கூடு, குப்பை என்று அது அடைத்திருக்கிறதா எனவும் பாருங்கள். "மழைத்தண்ணி உள்ள போகுது" என்று அதை மூடிவைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் வெளியேறும்போது காற்று உள்ளே வர வழியில்லாமல் டேங்கே உள்வாங்கி நசுங்கிவிடலாம்.

இங்கிலாந்து, ஜெர்மனி பக்கம் வேலைக்குப் போன நம்ம ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டில் சுவரோரம் நிற்கும் ரேடியேட்டரிலும் இதே கூத்துதான். ரேடியேட்டரின் மேல்பாதி ஜில்லென்றும் கீழ்ப்பாதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, மேல்மூலையில் இருக்கும் சின்னத் திருகைச் சாவியால் அரைச் சுற்று திருப்பினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட்டு, பாய்லரின் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். பொதுவாக ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். மாறாக, மேலே சூடு, அடியில் ஜில் என்றால் துருச் சேறு படிந்திருக்கிறது. மற்ற அறையெல்லாம் சூடாக இருந்து ஒன்று மட்டும் முழுக்கக் குளிர்ந்திருந்தால், வால்வின் உள்ளே இருக்கும் சின்ன ஊசி பல சமயம் சிக்கியிருக்கும். கணியம்பாடியோ பர்மிங்காமோ, தண்ணீரும் காற்றும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

பெரியப்பா வீட்டில் நடந்தது

மாலை மாடிக்குப் போனேன். வெளியேறும் குழாய் நன்றாகவே சுட்டது. ஆக, மாலையில் சூடு, காலையில் பச்சை. டேங்கின் வெளித்தகட்டைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. உள்ளே இருக்கும் ஃபோம் நனைந்து கெட்டிருந்தால் தகடு வெதுவெதுப்பாக இருக்கும். ஆக, அதுவும் இல்லை.

"ராத்திரி வேற அந்த பம்பு தானா ஓடுது. அதுவும் ரிப்பேர் போல" என்று பெரியப்பா சும்மா சொன்னதில்தான் விடை இருந்தது.

ஷவரில் தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்று பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைத்திருந்தார்கள். கீழ் பாத்ரூமில் கையில் பிடிக்கும் ஷவர். குளித்து முடித்தவர்கள் அதன் கைப்பிடியை மட்டும் நிறுத்திவிட்டு, சுவரில் இருக்கும் மிக்சரின் இரண்டு பக்கத்தையும் திறந்தபடியே விட்டிருக்கிறார்கள். வெளியே போக வழியில்லாத பச்சைத் தண்ணீர், மிக்சருக்குள்ளேயே திரும்பி, சுடுதண்ணீர் பைப்பில் ஏறி, பம்பின் அழுத்தத்தில் மாடி டேங்க் வரை போய்க்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க. அங்கிருந்த சுடுதண்ணீர் சின்டெக்ஸுக்குள் தள்ளப்பட்டது. மறுநாள் காலை சின்டெக்ஸில் கைவிட்டுப் பார்த்தோம், வெதுவெதுப்பாக இருந்தது! காற்றுப்போக்கிக் குழாயைச் சுற்றித் தரையும் ஈரம்.

மிக்சரை மூடினோம், பம்ப் நின்றது. அடுத்த நாள் காலை சுடுதண்ணீர் வந்தது. யாராவது மறுபடி மறப்பார்கள் என்பதால், சுடுதண்ணீர் லைனில் தண்ணீர் ஒரே பக்கம் மட்டும் போகவிடும் வால்வு ஒன்றைப் போட்டோம். சில நூறு ரூபாய்தான். பம்ப் இல்லாத வீட்டிலும், இப்படித் திறந்திருக்கும் மிக்சர் வழியாகப் பச்சைத் தண்ணீர் கலந்து, எல்லாக் குழாயிலும் வெதுவெதுப்பாகவே வரும். டாய்லெட் கை ஷவரை மிக்சரில் இணைத்திருக்கும் வீடுகளில் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்த மெக்கானிக் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. இந்த ஊரில் பத்து ஹீட்டர் பார்த்தால் அதில் பலவற்றில் உப்புதான் வில்லன். அவர் பழக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

உப்பு என்று சொல்கிறோமே, எந்த உப்பு?

"போர் தண்ணி உப்பு" என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஹீட்டரை அவை இரண்டு விதமாகக் கெடுக்கின்றன.

ஒன்று, கடினத்தன்மை. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் கணியம்பாடி கடினப் பாறைப் பகுதி. பாறை இடுக்குகளில் வருஷக்கணக்கில் தங்கும் தண்ணீர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. சூடாக்கினால் அது சுண்ணாம்பாகப் பிரிந்து படிகிறது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகத் தெரிவதும் அதுதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வைக்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பரவாயில்லை என்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் போர் தண்ணீரில் 500 மில்லிகிராம் இருக்கிறது, தினம் 100 லிட்டர் சூடாகிறது, அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் படிகிறது என்றால் நாளைக்கு 10 கிராம். வருஷத்துக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல்!

இந்தச் சுண்ணாம்பு கண்ணாடிக் குழாயின் மூடிய அடிப்பக்கத்தில் தூளாகச் சேர்ந்து, மேலே ஏறும் தண்ணீரின் சுற்றை அடைக்கிறது. செம்புக் குழாய் ஓடும் தட்டை வகை ஹீட்டரில் இன்னும் மோசம். குழாயே சின்னது, அடைத்தால் திறப்பது கஷ்டம். அந்த வகை வாங்குவதானால், போர் தண்ணீர் தட்டுக்குள் போகாமல், தனித் திரவம் சுற்றி வெப்பத்தை மட்டும் டேங்குக்கு மாற்றும் மாடலாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு. இது படியாது, அரிக்கும். இந்தப் பகுதியில் அதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுப் பதப்படுத்துவார்கள். தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் சேரும். பாலாற்றுக் கரையோரம் பல கிணறுகள் கெட்டது இப்படித்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்னது அந்தத் தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் வேலூர் பெயரில்தான் அது படிக்கப்படுகிறது.

குளோரைடு அதிகமுள்ள தண்ணீரில் எஸ்.எஸ். 304 வகை எவர்சில்வர் டேங்கின் வெல்டிங் ஓரங்களில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள் விழும். 'எவர்சில்வர் துருப்பிடிக்காது' என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. உள்ளே பீங்கான் பூச்சுப் போட்ட டேங்க் கொஞ்சம் தாங்கும். அதற்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். டேங்குக்குப் பதில் அது கரைந்துபோவதற்காகவே வைத்தது. ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். வாங்கிய நாளிலிருந்து அதைத் திறந்தே பார்க்காத வீடுகள்தான் அதிகம்.

என்ன செய்யலாம்? வீட்டில் போர் தண்ணீருக்கும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீருக்கும் தனித்தனி டேங்க் இருந்தால், கடினம் குறைந்ததை ஹீட்டருக்குக் கொடுங்கள். செலவில்லாத நல்ல தீர்வு இதுதான் என்பேன். தண்ணீரை மென்மையாக்கும் கருவியும் வேலை செய்யும். ஆனால் அதைப் புதுப்பிக்க மூட்டை மூட்டையாக உப்பு போட்டு, அந்த உப்புநீரைச் சாக்கடையில் விட வேண்டும். உப்பால் நொந்த மண்ணில் அதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

ஆசிட் பாட்டிலோடு வருபவரிடம் கேளுங்கள்

சுண்ணாம்பை நீக்க சிலர் ஹார்டுவேர் கடை ஆசிட்டை அப்படியே டேங்கில் ஊற்றிவிடுவார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கரைக்கும், கூடவே எவர்சில்வரையும் தின்னும். சிட்ரிக் அல்லது சல்ஃபாமிக் அமிலக் கரைசல் போடச் சொல்லுங்கள். பிறகு பல முறை அலசி, வெளியேற்ற வேண்டும். எந்த ஆசிட்டாக இருந்தாலும் பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

கண்ணாடிக் குழாயைக் கழற்றிக் கழுவுவதானால் விடியற்காலையில் செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாமல் வெயிலில் நிற்கும் குழாயின் உட்பக்கம் 200 டிகிரியைத் தாண்டலாம். மதியம் சின்டெக்ஸ் காலியானதைப் பார்த்து அவசரமாக மோட்டார் போட்டு, அந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீர் பாய்ந்தால், பட பட என்று கண்ணாடி வெடிக்கும். அப்படிக் காலியாகிவிட்டால், குழாய்கள் மேல் போர்வை போட்டு மூடி, சாயங்காலம் ஆறிய பிறகு நிரப்புங்கள். மேலே படியும் தூசியைத் துடைப்பதும் காலையில்தான்.

பக்கத்து வீட்டு மாடி

மாலையிலேயே வெதுவெதுப்பு, குழாய்களும் சுத்தம் என்றால் நிழலைச் சந்தேகப்படுங்கள். இது மார்கழியில் மட்டும் தெரியும் கோளாறு. ஜூன் மாதம் நம் ஊரில் நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும், அதுவும் குட்டையாக. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, நடுப்பகலிலும் சுமார் 54 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். அப்போது 10 அடிச் சுவர் வடக்கே 7 அடிக்கு மேல் நிழல் போடும். காலை 9 மணிக்கு அதே சுவரின் நிழல் ஏறக்குறைய 17 அடி!

தெற்குப் பக்கத்து வீட்டில் இந்த வருஷம் ஒரு தளம் ஏற்றினார்களா? உங்கள் மாடியிலேயே ஹீட்டருக்குத் தெற்கே புதுசாக சின்டெக்ஸ் வைத்தீர்களா? கோடையில் ஒன்றும் தெரிந்திருக்காது. விடுமுறை நாளில் காலை 9, நண்பகல், மதியம் 3 என்று மூன்று முறை போனில் ஒரு போட்டோ எடுங்கள். நிழல் எத்தனை குழாய்மேல் விழுகிறது என்று தெரிந்துவிடும். ஹீட்டரைச் சில அடி நகர்த்துவதோ, ஸ்டாண்டை உயர்த்துவதோ போதும். ஆனால் ஹீட்டர் டேங்க் எப்போதும் சின்டெக்ஸின் அடிமட்டத்தைவிடக் கீழேதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது.

டேங்கை உண்மையிலேயே மாற்ற வேண்டிய சமயமும் உண்டு. உள்டேங்க் ஓட்டையாகி, வெளித்தகட்டின் அடியிலிருந்து சூடான தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் அது முடிந்த கதை. ஃபோமும் ஊறிப்போயிருக்கும். ஒட்டவைப்பது சில மாதங்கள்கூடத் தாங்காது.

போன வாரம் பெரியம்மா போன் பண்ணினார். "சுடுதண்ணி கொதிக்குதுப்பா. ஆனா முதல் கால் பக்கெட் பச்சத் தண்ணியாத்தான் வருது." அது கோளாறு இல்லை. மாடியிலிருந்து கீழ் பாத்ரூம் வரை முக்கால் இஞ்ச் பைப் 20 மீட்டர் ஓடினால், அதற்குள்ளேயே 5 லிட்டர் தண்ணீர் இரவில் ஆறி நிற்கும். வெயில் படும் இடத்தில் பைப்புக்கு ஃபோம் உறை போட்டால் கொஞ்சம் குறையும் என்றேன்.

"அதெல்லாம் வேணாம், விடு. அந்தத் தண்ணியத்தான் வாசல் தெளிக்க எடுத்துக்கிறேன்" என்றார்.